செகண்ட் ஹேண்ட் ஸ்டாக் கணக்கு உதைக்கிறதா? எங்கே பார்ப்பது, எப்படிச் சரிசெய்வது

மொபைல், லேப்டாப் சர்வீஸ் கடைகளில் ஓடும் ஸ்டாக் மென்பொருள்கள் பெரும்பாலும் புதுச் சரக்கை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. ஒரே மாதிரி பத்து சார்ஜர் வந்தது, மூன்று போனது, ஏழு இருக்கிறது. எந்த மூன்று போனது என்று யாரும் கேட்கப்போவதில்லை. பழைய சரக்கு அப்படியில்லை. ஒரே மாடலில் இரண்டு பழைய போன் என்றால் வாங்கிய விலையும் இரண்டு, நிலைமையும் இரண்டு. ஒன்று தக்கலையில் ஒரு டீச்சர் கவர் போட்டுப் பொத்தி வைத்திருந்ததாக இருக்கும். இன்னொன்று குளச்சலில் வள்ளத்தில் போய் உப்புத்தண்ணி குடித்ததாக இருக்கும். இரண்டையும் ‘இருப்பு 2’ என்று ஒரே வரியில் போட்ட நிமிடமே கணக்கு கோணத் தொடங்கிவிடும். கீழே வரும் கோளாறுகளில் முக்கால்வாசி அங்கிருந்து கிளம்புபவைதான்.

குமரி மாவட்டத்தில் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கடைகளில் அடிக்கடி கேட்கும் புகார்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் மென்பொருளில் பெயர்கள் கொஞ்சம் மாறலாம், பார்க்க வேண்டிய இடம் மாறாது.

தொடங்கும் முன் ஒன்று. ‘ஸ்டாக் அட்ஜஸ்ட்மென்ட்’ பட்டனைக் கடைசியாகத் தொடுங்கள். அதை அழுத்தினால் எண் சரியாகிவிடும், காரணம் அப்படியே கிடக்கும், தேடிப் போக இருந்த தடமும் அழிந்துவிடும். முதலில் அந்தப் பொருளின் நகர்வுப் பட்டியலைத் (எப்போது வந்தது, எப்போது போனது என்ற வரிசையை) திறந்து கடைசிப் பத்து வரிகளைப் படியுங்கள்.

சிஸ்டத்தில் ஒன்று இருக்கிறது, டப்பாவில் இல்லை

“அண்ணாச்சி, இந்த மாடல் டிஸ்ப்ளே ஒண்ணு இருக்குன்னு காட்டுது. டப்பாவுல காணோம்.”

“நல்லா தேடிப் பாரு மக்கா, அங்கதான் எங்கயாவது கெடக்கும்.”

பெரும்பாலும் கிடக்காது. அது ஏற்கெனவே யாரோ ஒரு கஸ்டமரின் போனில் ஓடிக்கொண்டிருக்கும். கடந்த இரண்டு வாரத்தில் டெலிவரி ஆன ஜாப் கார்டுகளில் (ஒவ்வொரு ரிப்பேருக்கும் போடும் வேலைப் பதிவுகளில்) அந்த மாடலை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். உதிரி எதுவும் போடாமல் ‘சர்வீஸ் சார்ஜ் 1,800’ என்று ஒரே வரியில் பில் ஆகியிருந்தால் ஆள் சிக்கிவிட்டார். லேபர் அவ்வளவு வராது. டிஸ்ப்ளே அந்தத் தொகைக்குள் ஒளிந்திருக்கிறது. பில் தொகையை மாற்றாமல் ஜாப் கார்டில் உதிரியைச் சேர்த்தால் இருப்பும் சரியாகும், அந்த வேலையின் உண்மையான லாபமும் தெரியும்.

அங்கே இல்லையென்றால், உங்கள் மென்பொருள் இருப்பை எந்தக் கட்டத்தில் கழிக்கிறது என்று பாருங்கள். சிலவற்றில் ஜாப் கார்டில் உதிரியைச் சேர்த்ததுமே கழியும், சிலவற்றில் பில் போட்டால்தான். இரண்டாவது வகை என்றால், வேலை முடிந்து கஸ்டமர் வராமல் ரேக்கில் கிடக்கும் போன்களுக்குள் இருக்கும் உதிரிகள் எல்லாம் இன்னும் ‘ஸ்டாக்கில்’ இருக்கின்றன. இது கோளாறு இல்லை. ‘ஒதுக்கப்பட்டது’ என்ற நெடுவரிசையைத் திரையில் வரவைத்தால் போதும்.

மூன்றாவது, டெக்னீஷியனின் மேசை. வேறு போர்டைச் சோதிக்க ஒரு டிஸ்ப்ளேயை எடுத்து மாட்டிப் பார்ப்பார், அது டிராயருக்குள் போய்விடும். இதைத் திட்டித் திருத்த முடியாது. ‘மேசை’ என்று ஒரு தனி இருப்பிடத்தைச் சிஸ்டத்தில் உருவாக்கி, சோதனைக்கு எடுப்பதை அங்கே மாற்றச் சொல்வதுதான் வழி.

முழு போன் ஸ்டாக்கில் நிற்கிறது, கையில் கூடு மட்டும்தான்

உதிரிக்காக வாங்கும் போர்டு போன போன்தான் பழைய சரக்குக் கணக்கின் தலைவலி. வாங்கும்போது ‘போன் 1’ என்று பதிவாகிறது. அப்புறம் டிஸ்ப்ளே ஒரு நாள், கேமரா ஒரு நாள் என்று கழன்று போகிறது. சிஸ்டத்துக்கு எதுவும் தெரியாது. ஆறு மாதம் கழித்தும் அந்த போன் முழு விலையோடு நிற்கும். கழற்றி விற்ற டிஸ்ப்ளேக்கு வாங்கிய விலையே இல்லாததால் அதன் லாபம் நூறு சதவீதம் என்று காட்டும்.

உதிரிக்கு என்று முடிவெடுத்த நாளிலேயே அந்த போனைச் சிஸ்டத்தில் ‘உடைக்க’ வேண்டும். பல மென்பொருள்களில் பல பாகம் சேர்த்து ஒரு பொருள் செய்யும் வசதி இருக்கும். அதையே திருப்பிப் போடலாம்: ஒரு போன் வெளியே, பாகங்கள் உள்ளே. டேலி வைத்திருப்பவர்கள் ஸ்டாக் ஜர்னலில் ஒரு பக்கம் போனும் மறு பக்கம் பாகங்களும் போட்டு இதைச் செய்யலாம். அந்த வசதியே இல்லாத மென்பொருளில், போனை ஒரு கழிவுப் பதிவாகவும் பாகங்களை ஒரு வரவுப் பதிவாகவும் போட்டு இரண்டிலும் ஒரே குறிப்பு எண்ணை எழுதுங்கள்.

பாகங்களுக்கு விலை பிரிப்பதில்தான் எல்லோரும் திணறுகிறார்கள். ஓர் உதாரணம். போர்டு செத்த போன் ஒன்றை 1,800 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறீர்கள். கழற்றிய டிஸ்ப்ளே 1,500க்குப் போகும், பின் கேமரா 600, சார்ஜிங் போர்டு 200, பின்மூடி 100. மொத்தம் 2,400. வாங்கிய விலை அதில் 75 சதவீதம். எனவே ஒவ்வொன்றிலும் 75 சதவீதத்தை வாங்கிய விலையாகப் போடுங்கள்: டிஸ்ப்ளே 1,125, கேமரா 450, சார்ஜிங் போர்டு 150, பின்மூடி 75. கூட்டினால் சரியாக 1,800. செத்த போர்டும் பேட்டரியும் பூஜ்ய விலையில் ஸ்கிராப்புக்குப் போகட்டும். பழைய பேட்டரிக்கு விலை போட்டு ஸ்டாக்கில் வைப்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. உப்பின பேட்டரியைக் கஸ்டமர் போனில் மாட்டி 300 ரூபாய் சம்பாதித்து என்ன ஆகப்போகிறது?

பின்மூடி எப்போதாவதுதான் விற்கும் என்றால் அதற்கும் பூஜ்யம் போட்டுவிட்டு முழு விலையையும் மற்ற மூன்றின்மேல் ஏற்றுங்கள். ஓடாத பாகத்தில் பணத்தை முடக்கிக் காட்டினால் ஸ்டாக் மதிப்பு அழகாகத் தெரியும், கல்லாவில் இருக்காது.

ஒவ்வொரு பாகத்தின் குறிப்பிலும் அது எந்தப் போனிலிருந்து வந்தது என்று எழுதுவது முக்கியம். மாட்டிய டிஸ்ப்ளே ஒரு மாதத்தில் கோடு விழுந்து திரும்பி வந்தால், அதே போனிலிருந்து எடுத்த மற்ற பாகங்கள் எங்கே போயிருக்கின்றன என்று தேடத் தோன்றும். தண்ணீர் பட்ட போனாக இருந்தால் தேடியே ஆக வேண்டும்.

பழைய உதிரியில் நஷ்டம், புதியதில் கொள்ளை லாபம் என்று காட்டுகிறது

புதியதையும் கழற்றியதையும் ஒரே பொருள் பெயரில் போட்டிருக்கிறீர்கள். மென்பொருள் சராசரி விலை முறையில் ஓடுகிறது. 1,900க்கு வாங்கிய புது டிஸ்ப்ளே ஒன்று, மேலே சொன்ன 1,125 ரூபாய் பழையது ஒன்று. சிஸ்டம் இரண்டுக்கும் 1,512.50 என்று வைத்துக்கொள்ளும். பழையதை 1,500க்கு விற்றால் 12.50 நஷ்டம் என்று காட்டும், உண்மையில் 375 லாபம். புதியதை 2,400க்கு விற்றால் 887.50 லாபம் என்று காட்டும், உண்மையில் 500தான். இரண்டையும் கூட்டினால் இரண்டு வழியிலும் அதே 875 வரும். அதனால்தான் மாதக் கடைசி அறிக்கையைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஆனால் “பழைய டிஸ்ப்ளே ஓட்டம் நமக்குக் கட்டுப்படியாகாது” என்று தப்பான முடிவெடுக்க அந்த அறிக்கை ஒன்றே போதும்.

பொருளைப் பிரியுங்கள். மாடல் பெயரின் பின்னால், நிலைமைக்கு ஏற்ப, ‘புதுசு’, ‘கழற்றியது ஏ’, ‘கழற்றியது பி’ என்று தனித்தனிப் பெயர் வைத்தால் போதும். முழு போன், லேப்டாப் என்றால் கட்டாயம் சீரியல் எண் வாரியாக விலை வைக்கும் முறைக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே கொள்முதலும் விற்பனையும் ஆகிவிட்ட பொருளில் இந்த அமைப்பை மாற்ற நிறைய மென்பொருள்கள் விடாது. அப்படியானால் புதுப் பெயரில் பொருளை உருவாக்கி, இருக்கும் இருப்பை அங்கே மாற்றிவிட்டு, பழைய பெயரை முடக்குங்கள். அழிக்கப் பார்க்காதீர்கள், பழைய பில்கள் அதில்தான் தொங்குகின்றன.

‘இந்த ஐஎம்இஐ ஏற்கெனவே உள்ளது’ என்று சேர்க்க மறுக்கிறது

நீங்களே விற்ற போன் எக்ஸ்சேஞ்சில் உங்களிடமே திரும்பி வருவது சின்ன ஊரில் சாதாரணம். மார்த்தாண்டத்தில் விற்றது சுற்றிச் சுற்றி மார்த்தாண்டத்துக்கே வரும். சிஸ்டம் அதன் ஐஎம்இஐயை, அதாவது போனின் தனி அடையாள எண்ணை, ‘விற்றது’ என்று வைத்திருப்பதால் மறுக்கிறது. கடைப் பையன்கள் இங்கே செய்யும் வேலை, எண்ணின் கடைசியில் ஒரு புள்ளியோ ஸ்பேஸோ போட்டு உள்ளே தள்ளிவிடுவது. அதற்குப் பிறகு ஸ்கேன் செய்தால் பழைய பதிவுதான் வரும், புதிய போனை விற்கவே முடியாது. எண்ணைத் தேடி, பழைய பதிவைத் திறந்து, அதன்மேல் புதுக் கொள்முதல் போடுங்கள். விற்பனை ரிட்டர்ன் போடக் கூடாது. அப்படிப் போட்டால் போன வருடம் விற்ற விற்பனையே ரத்தாகி வரிக் கணக்கில் குழப்பம் வரும்.

சிஸ்டம் மறுக்காமலே ஒரே போன் இரண்டாகப் பதிவாவதும் உண்டு, அது இரட்டை சிம் விவகாரம். இரட்டை சிம் போனுக்கு இரண்டு ஐஎம்இஐ உண்டு. ஒருவர் முதல் எண்ணைப் போட்டிருப்பார், இன்னொருவர் இரண்டாவதை. அப்படியானால் ஒரே போன் இரண்டு முறை நிற்கும். எப்போதும் *#06# அழுத்தி வரும் முதல் எண்தான் என்று கடைக்குள் ஒரு வழக்கம் வையுங்கள். பெட்டியையும் சிம் ட்ரேயையும் நம்ப வேண்டாம், இரண்டும் எளிதில் மாறிவிடும். திரையில் வரும் எண்ணும் ட்ரேயில் இருப்பதும் வேறு வேறு என்றால் அந்தப் போனை வாங்குவதற்கு முன் இன்னொரு தடவை யோசியுங்கள்.

‘தவறான எண்’ என்று வந்தால் அது வேறு விஷயம். ஐஎம்இஐ 15 இலக்கம். கடைசி இலக்கம் மற்ற பதினான்கை வைத்துக் கணக்கிடப்படும் சரிபார்ப்பு எண். நடுவில் 3 என்பதை 8 என்று படித்திருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். கண்ணால் படித்து டைப் செய்யாமல் ஸ்கேன் செய்தால் இந்தப் பிரச்சினையே வராது.

எண் கையில் இருக்கும்போதே ஒரு வேலை. மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள், அல்லது கேஒய்எம் என்று ஆங்கில எழுத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஐஎம்இஐ எண்ணை 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். முடக்கப்பட்டது, போலி, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று பதில் வந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். வந்த பதிலின் ஸ்கிரீன்ஷாட்டையும் விற்றவரின் அடையாள அட்டை நகலையும் கொள்முதல் பதிவோடு இணைத்து வையுங்கள். நாளைக்கு ஸ்டேஷனிலிருந்து கேட்டால் கொடுக்க அதுதான் இருக்கும்.

எக்ஸெல்லில் இருந்து ஏற்றியதும் ஐஎம்இஐ எல்லாம் ஒன்றாகிவிட்டது

பழைய கணக்கை எக்ஸெல் தாளில் வைத்திருந்து புது மென்பொருளுக்கு மாறும்போது வருவது. எக்ஸெல் 15 இலக்கத்தை எண் என்று நினைத்து 3.56, அதன் பின்னால் ஒரு ‘ஈ’, பிறகு +14 என்று சுருக்கிக் காட்டும். அந்த நிலையில் சிஎஸ்வியாக (மென்பொருளுக்கு ஏற்றும் வெறும் எழுத்துக் கோப்பாக) சேமித்தால் சுருங்கியதுதான் சேமிக்கப்படும். மென்பொருள் அதை 356க்குப் பின்னால் பன்னிரண்டு பூஜ்யம் என்று படிக்கும். 356 என்று தொடங்கும் போன்கள் எல்லாம் ஒரே எண்ணாகிவிட, ‘ஏற்கெனவே உள்ளது’ என்று வரிசையாகப் பிழை கொட்டும்.

அந்த நெடுவரிசையின் வடிவத்தை ‘நம்பர்’ என்று மாற்றி, தசம இடத்தைப் பூஜ்யமாக்கிவிட்டு மறுபடி சேமியுங்கள். மூல எக்ஸெல் கோப்பு கையில் இருந்தால் எண்கள் உள்ளே பத்திரமாக இருக்கும், பயப்பட வேண்டாம். சிஎஸ்வி மட்டும்தான் மிச்சம் என்றால் போன்களை எடுத்து மறுபடி ஸ்கேன் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. சேமித்த சிஎஸ்வியைச் ‘சும்மா பார்க்கலாம்’ என்று எக்ஸெல்லில் திறந்து மறுபடி சேமிக்கவும் வேண்டாம். அதோடு பழைய கதைதான்.

14 இலக்கமே இருக்கிறது என்று சில எண்கள் மட்டும் அடம்பிடித்தால், முன்னால் இருந்த பூஜ்யம் உதிர்ந்திருக்கும். அமெரிக்கச் சந்தைக்கு வந்த பழைய ஐபோன்கள் சிலவற்றின் எண் 01 என்று தொடங்கும். வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போன போன்களுக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமில்லை, ஆகவே இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய போனுக்கு முழு விலைக்கும் ஜிஎஸ்டி விழுகிறது

ஜிஎஸ்டி பதிவில்லாத ஒரு தனிநபரிடம் 7,000க்கு வாங்கி, வரி உட்பட 9,000க்கு விற்கிறீர்கள். மென்பொருள் அதைப் புதுப் போன் போல நினைத்து 9,000க்குள் 18 சதவீதம் என்று 1,372.88 ரூபாயைப் பிரிக்கும். மத்திய ஜிஎஸ்டி விதிகள் 2017இன் 32(5) பழைய பொருள் வியாபாரிகளுக்கு வேறு வழி தருகிறது: விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி. 2,000க்குள் வரி 305.08தான். நிபந்தனை, வாங்கியபோது உள்ளீட்டு வரி (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்வது) எடுத்திருக்கக் கூடாது, பொருளின் தன்மையை மாற்றும் அளவுக்கு வேலை செய்திருக்கக் கூடாது.

மென்பொருளில் ‘மார்ஜின்’ வரி வகை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் முழு விலைக்கு வரி விழுந்தால், பொருளில் அந்த வகை குறிக்கப்படவில்லை, அல்லது கொள்முதல் ஜிஎஸ்டியோடு பதிவாகியிருக்கிறது. வித்தியாசம் குறைவாகக் காட்டினால் இன்னொன்றைப் பாருங்கள். சரிசெய்ய மாட்டிய புது டிஸ்ப்ளேயின் விலையையும் மென்பொருள் வாங்கிய விலையோடு கூட்டியிருக்கும். விதியில் இருப்பது வாங்கிய விலை. மாட்டிய உதிரியின் செலவு அதில் சேராது. அதனால் ‘வாங்கிய விலை’, ‘மொத்தச் செலவு’ என்று இரண்டு கட்டம் வேண்டும். வரி முதலாவதை வைத்து, லாபக் கணக்கு இரண்டாவதை வைத்து. ஒரு போனில் நஷ்டம் வந்தால் அதன் மதிப்பு பூஜ்யம் என்று விட்டுவிட வேண்டியதுதான், அந்த நஷ்டத்தை இன்னொரு போனின் லாபத்தில் கழிக்க முடியாது. உடைத்து எடுத்த உதிரிகளுக்கு இந்த வகையை ஆடிட்டரைக் கேட்காமல் போடவே போடாதீர்கள்.

களியக்காவிளை பக்கத்துக் கடைகளுக்கு ஒரு கூடுதல் அறிகுறி: எல்லை தாண்டிக் கேரளத்துப் பாறசாலையிலிருந்து வந்து கவுண்டரில் நேரில் வாங்கிப் போனவருக்கு, வெளிமாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டி பில் வருகிறது. இது மென்பொருளின் பிழை இல்லை. 2023 அக்டோபர் 1 முதல், பதிவில்லாத வாடிக்கையாளர் என்றால் பில்லில் எழுதிய முகவரிதான் வழங்கல் இடம், அதாவது பொருள் எங்கே போனதாக வரிக் கணக்கு எடுத்துக்கொள்ளும் இடம். மாநிலப் பெயரை மட்டும் எழுதினாலும் முகவரி எழுதியதாகவே கணக்கு. முகவரியே எழுதாவிட்டால் கடை இருக்கும் இடம். கேரளா என்று பதிவாகியிருந்தால் ஐஜிஎஸ்டி வருவது சரிதான். வாரண்டிக்காக முகவரியைக் கட்டாயக் கட்டமாக வைத்திருக்கும் கடைகள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது, ஓண நேரத்துக் கூட்டத்தில் கவுண்டரில் நின்று யோசிக்க நேரம் இருக்காது.

ஸ்டாக் மதிப்பு காரணமில்லாமல் வீங்குகிறது

சர்வீசுக்கு வந்த கஸ்டமர் போனை யாரோ கொள்முதல் திரையில் ஏற்றியிருப்பார்கள். அது கடையின் சொத்து இல்லை; ஜாப் கார்டில் மட்டும் இருக்க வேண்டும். விலை பூஜ்யம், சப்ளையர் பெயர் காலி என்று வடிகட்டினால் வெளியே வந்துவிடும். யாரும் எடுக்க வராத போன்களையும் மெல்ல ஸ்டாக்குக்கு நகர்த்தும் பழக்கம் சில கடைகளில் உண்டு. வேண்டாம். கொடுத்தவர் கப்பலிலோ வளைகுடாவிலோ இருப்பார், விடுமுறைக்கு வந்ததும் நேராகக் கடைக்குத்தான் வருவார்.

லேபிள் ஸ்கேன் ஆகவில்லை

மலிவான தெர்மல் லேபிள் சூட்டிலும் வெயிலிலும் போய்விடும். சர்வீஸ் மேசையில் இன்னொரு எதிரியும் உண்டு: போர்டு துடைக்கும் ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) திரவம். ஒரு சொட்டு பட்டால் லேபிள் கருத்துவிடும். லேபிளைப் பாகத்தில் ஒட்டாமல் ஜிப் கவரில் ஒட்டுங்கள். நெடுநாள் நிற்கும் சரக்குக்கு ரிப்பன் பிரிண்டரில் அடித்த லேபிள்தான் நிலைக்கும்.

இரண்டு கிளையிலும் இருக்கிறது, அல்லது இரண்டிலும் இல்லை

நாகர்கோவிலில் அனுப்பியதாகப் போட்டார்கள், மார்த்தாண்டத்தில் வாங்கியதாகப் போடவில்லை. பையன் பைக்கில் கொண்டுபோய்க் கையில் கொடுத்துவிட்டான், அவ்வளவுதான். ‘வழியில் உள்ளது’ என்ற இருப்பிடத்தைத் திறந்தால் காணாமல்போன பாதி அங்கே நிற்கும். ஒரே நாளுக்கு மேல் எதுவும் அதில் நிற்கக் கூடாது. இரண்டு கடையிலும் இருப்பதாகக் காட்டினால், கரண்ட் போன நேரத்தில் ஆஃப்லைனில் போட்ட பதிவு நெட் வந்ததும் இரண்டாம் தடவை ஏறியிருக்கும். மழைக்காலத்தில் இது அடிக்கடி நடக்கும். நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்து ஒன்றை ரத்து செய்யுங்கள்.

எதுவுமே பொருந்தவில்லை

சரி, அப்படியானால் எண்ண வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, முதலில் திறந்திருக்கும் ஜாப் கார்டுகளையும் வழியில் உள்ள சரக்கையும் முடித்துவிட்டு, அப்புறம் எண்ணுங்கள். எண்ணுபவர் கையில் சிஸ்டத்தின் இருப்பு எண் இருக்கக் கூடாது; இருந்தால் கண் அந்த எண்ணைத்தான் தேடும். போன்களை ஸ்கேன் செய்து, உதிரிகளைக் கவர் கவராக எண்ணி, வித்தியாசம் வந்த ஒவ்வொன்றுக்கும் அட்ஜஸ்ட்மென்ட் பதிவில் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். ‘கழற்றியது, பதிவில்லை’, ‘மேசையில் உடைந்தது’, ‘தெரியவில்லை’. மூன்றாவது காரணம் எந்தப் பொருள்மேல் அதிகம் விழுகிறதோ, அடுத்த மாதம் அதற்கு மட்டும் தனிப் பெட்டியும் தனிச் சாவியும்.